சக்கரத்துக்கு ஓர் ஆற்றுப்படை

வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் தன் வாழ்நாளில் 1,75,000 மைலுக்குக் குறையாமல் நடந்திருப்பார் என்று டி குவின்ஸி கணக்குப் போட்டார். கவிஞரின் கால்கள் பார்க்க அழகாக இல்லை, ஆனால் உழைத்த கால்கள் என்று கிண்டலும் செய்தார். இலக்கிய வாசகர்கள் இந்தக் கணக்கை இன்றுவரை வியப்போடு திருப்பிச் சொல்கிறார்கள். எனக்கு அதைப் படித்ததும் தோன்றியது வேறொரு கேள்வி. அத்தனை மைலுக்கும் அந்தக் கால்களுக்குக் கீழே ஒரு பாதை இருந்திருக்குமே, அதைப் போட்டது யார்?

இயற்கையைப் பற்றிய எழுத்தில் பாதை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஏரி இருக்கும், மேகம் இருக்கும், எழுத்தாளரின் மனம் இருக்கும். அவரை ஏரிவரை கொண்டுபோய்ச் சேர்த்த மண்பாதையோ, வேலியைத் தாண்ட வைத்த மரப்படியோ வரியில் வராது. கால் தடுக்காதவரை பாதையைக் கவனிக்கத் தேவையில்லை அல்லவா? நம் இணைய இலக்கியச் சூழலிலும் இதே கதைதான். பயணக் கட்டுரைகளில் "நடந்தாத்தான் நிலம் தெரியும்" என்பது கிட்டத்தட்ட வேதவாக்கு. எழுதுபவர்கள் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் சொல்வதில்லை. நடப்பதை அவர்கள் ஒரு நிபந்தனை என்றே நினைப்பதில்லை. அவ்வளவுதான்.

எனக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்தது. வலது காலில் காலிப்பர், தூரமென்றால் வீல்சேர். ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் இல்லை. நடுநிலை என்று இங்கே ஒன்று இருப்பதாகவும் நினைக்கவில்லை. நடப்பவரின் எழுத்தும் ஓர் உடம்பின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டதுதான்.

பேச வேண்டியது வில்லியமைப் பற்றி அல்ல, அவர் தங்கை டாரதி வேர்ட்ஸ்வொர்த்தைப் பற்றி. 1771இல் பிறந்தவர். 1799 டிசம்பரில் அண்ணனோடு இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் உள்ள கிராஸ்மியருக்குக் குடிவந்தார். 1800 முதல் 1803 வரை அவர் எழுதிய நாட்குறிப்புகள் இன்று ஆங்கில இயற்கை எழுத்தின் உச்சங்களில் ஒன்றாகக் கருதப்படுகின்றன. பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த டாஃபடில் கவிதைக்கு 1804இல்தான் வில்லியம் உருக்கொடுத்தார். அந்தப் பூக்களை டாரதி 1802 ஏப்ரலிலேயே தன் குறிப்பில் எழுதி வைத்துவிட்டார். 1818 அக்டோபரில், நாற்பத்தாறு வயதில், இங்கிலாந்தின் மிக உயரமான மலையான ஸ்காஃபெல் பைக்கில் தோழி ஒருவரோடு ஏறினார். அந்த அனுபவத்தை எழுதிய கடிதத்தை வில்லியம் தன் ஏரிப் பகுதி வழிகாட்டி நூலில் சேர்த்துக்கொண்டார், தங்கையின் பெயரைப் போடாமல்.

1829இல் டாரதிக்குக் கடுமையான நோய் வந்தது. அதன்பின் 1855இல் இறக்கும்வரை அவர் பழையபடி நடமாடவில்லை. ரைடல் மவுண்ட் வீட்டில் ஓர் அறை, ஒரு ஜன்னல், பிறகு ஒரு சக்கர நாற்காலி. குடும்பத்தார் அவரை அதில் உட்காரவைத்துத் தோட்டத்து மேடைப் பாதையில் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வழக்கமான இலக்கிய வரலாறு இந்த இடத்தில் சுருங்கிவிடும். நடந்த டாரதிக்கு நூறு பக்கம் என்றால் உட்கார்ந்த டாரதிக்குப் பரிதாபமான இரண்டு பத்தி. அதற்குமுன் வாழ்ந்ததே வாழ்க்கை, மிச்சம் பின்குறிப்பு என்பது போல. உண்மையில் அவர் எழுதுவதை 1829இல் நிறுத்தவில்லை. ரைடல் நாட்குறிப்புகள் 1830களின் நடுப்பகுதிவரை போகின்றன. கவிதைகளும் எழுதினார். கிராஸ்மியரில் வாழும் கவிஞர் பாலி அட்கின் 2021இல் வெளியிட்ட 'ரெகவரிங் டாரதி' அந்த வருடங்களை நோயாளியின் எழுத்தாக எடுத்துப் படிக்கிறது. அட்கினும் நாள்பட்ட நோயோடு வாழ்பவர். இத்தனை காலம் அந்தப் பக்கங்கள் கவனிக்கப்படாமல் கிடந்ததற்கு டாரதியின் உடம்பு காரணமில்லை. படித்தவர்களின் எதிர்பார்ப்புதான் காரணம்.

1832இல் டாரதி படுக்கையிலிருந்து எழுதிய ஒரு கவிதை உண்டு. வசந்தத்தின் முதல் பூக்களை நண்பர்கள் அவர் அறைக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்தப் பூக்களைப் பார்த்ததும் பழைய வலிமை உள்ளே எழுகிறது. இனி மலைக்கோ பாதைக்கோ போகத் தேவையில்லை, நினைவே தன்னை அங்கெல்லாம் கூட்டிப்போகிறது என்கிற தொனியில் கவிதை போகும். விமர்சகர்களுக்குப் பிடித்தமான கவிதை. மாற்றுத்திறனாளிகளுக்கு வாசிக்கக் கொடுக்க ரொம்ப வசதியான கவிதையும்கூட.

எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. டாரதியின் ஜன்னலுக்குள் ஒரு முழு மலைத்தொடர் வந்து உட்கார்ந்ததென்றால், அதற்குமுன் அவர் அந்த மலைத்தொடரில் முப்பது வருடம் அலைந்திருந்தார். ஒவ்வொரு ஓடையும் எந்த மாதம் எப்படிச் சத்தம் போடும் என்று காதால் தெரியும். அதாவது கையில் முதல் இருந்தது. கடைசி இருபத்தைந்து வருடம் வட்டியில் வாழ்ந்தார். ஒரு காட்டுக்குள்ளேயே போகாத பிள்ளைக்கு நீ எந்தப் பூவைக் கொண்டுவந்து காட்டி எந்த நினைவை எழுப்புவாய்? ஜன்னல் போதும் என்று சொல்ல ஒருவர் முதலில் வெளியே போயிருக்க வேண்டும்.

என் பள்ளியில் வருடாவருடம் சுற்றுலா போவார்கள். ஏலகிரி, ஒகேனக்கல், ஒருமுறை ஜவ்வாது மலை. "உனக்குக் கஷ்டம்பா, நீ வீட்ல இரு, போட்டோ காட்டறோம்" என்பார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். மரங்களுக்கு நடுவே, தலைக்குமேல் இலை மூடியிருக்க, யாரும் என்னைத் தூக்காமல் அரை மணி நேரம் இருப்பது எனக்கு முதன்முதலாக வாய்த்தது முப்பத்தெட்டாவது வயதில், இங்கிலாந்தின் வடமேற்கில், ஒரு பழைய ரயில் பாதையில்.

அந்த இடத்தின் பெயர் விர்ரல் கண்ட்ரி பார்க். 'கண்ட்ரி பார்க்' என்பதை நம் ஊர் பூங்காவாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நகரத்தின் விளிம்பில், பாதி காடும் பாதி வயல்வெளியுமாக, உள்ளாட்சி பராமரிக்கிற திறந்தவெளி அது. 1968இல் வந்த நாட்டுப்புறச் சட்டம் இந்த வகையை உருவாக்கியது. கார் வாங்கத் தொடங்கிய நகரவாசிகளுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் பக்கத்திலேயே ஒரு பச்சை வேண்டும், தேசியப் பூங்காக்களில் நெரிசலும் குறையவேண்டும் என்பது கணக்கு. மாற்றுத்திறனாளிகளை மனத்தில் வைத்து வந்த சட்டம் அல்ல. விர்ரல் பூங்கா 1973இல் திறக்கப்பட்டது, பிரிட்டனின் முதல் கண்ட்ரி பார்க் என்ற பெயரோடு.

அதன் முதுகெலும்பு ஹூட்டனிலிருந்து வெஸ்ட் கிர்பிவரை ஓடிய கிளை ரயில்பாதை, சுமார் 12 மைல். பயணிகள் ரயில் 1956இல் நின்றது, சரக்கு ரயில் 1962இல். தண்டவாளத்தை எடுத்த பிறகு மிஞ்சியது பாதைதான். நீராவி எஞ்சினுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. அதனால் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் தரையை ஏறக்குறைய சமமாக்கியிருந்தார்கள் விக்டோரியா காலத்துப் பொறியாளர்கள். நெஸ்டனுக்குப் பக்கத்தில் மணற்பாறையைக் குடைந்து போகிற ஒரு பள்ளவழி உண்டு. இரண்டு பக்கமும் ஈரச் சுவர், சுவரில் பெரணி. சக்கரத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு நேராகப் பெரணி. நின்று நடப்பவர் குனிந்து பார்க்கவேண்டியதை நான் நேராகப் பார்த்தேன்.

அன்று இரவு ஊரில் இருக்கும் எழுத்தாள நண்பருக்குப் போனில் சொன்னேன். "என்னய்யா, ரயில் ரோட்டைப் போய் காடுங்கிற?" என்றார். சரியான கேள்விதான். என்னிடம் பதிலும் இருந்தது. "அண்ணே, நீங்க போற காட்டுலயும் ரோடு இருக்கு. உங்க கால் அதைக் கவனிக்கறதில்ல."

ரயிலைப் பற்றிப் பேசும்போது மறுபடி வில்லியமிடம் வரவேண்டியிருக்கிறது. தன் வழிகாட்டி நூலில் ஏரிப் பகுதியை ஒரு தேசியச் சொத்தாக, பார்க்கக் கண்ணும் ரசிக்க நெஞ்சமும் உள்ள எல்லோருக்கும் உரிமையுள்ளதாகச் சொன்னவர் அவர். பின்னாளில் தேசியப் பூங்கா என்ற கருத்துக்கே அது ஒரு விதை என்பார்கள். அதே வில்லியம் 1844இல், எழுபத்து நான்கு வயதில், விண்டர்மியர்வரை ரயில் வரப்போகிறது என்றதும் கொதித்தெழுந்தார். எதிர்த்து ஒரு சானெட் எழுதினார், 'மார்னிங் போஸ்ட்' நாளிதழுக்குக் கடிதங்கள் எழுதினார். இயற்கையழகை ரசிப்பது மெல்ல மெல்லப் பழகிவரவேண்டிய ஒன்று, லங்காஷயர் ஆலைத்தொழிலாளிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவந்து இறக்குவதால் அவர்களுக்கும் பயனில்லை, இடமும் கெடும் என்பது அவர் வாதம். 1847இல் ரயில் வந்துவிட்டது.

கண் வேண்டும், நெஞ்சம் வேண்டும் என்று பட்டியல் போட்டவர் கால் வேண்டும் என்று எழுதவில்லை. எழுதத் தேவைப்படவில்லை, ரயிலை மறுத்தாலே போதும். அழகைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு ஆட்களை வடிகட்டும் இந்த வாதத்துக்கு நூற்றெண்பது வயதாகிறது. இன்றும் தெம்பாக இருக்கிறது.

அதே ஏரிப் பகுதியில் கெஸ்விக்கிலிருந்து த்ரெல்கெல்ட்வரை இன்னொரு பழைய ரயில்பாதை இருக்கிறது. 1972இல் ரயில் நின்றபின் நடைபாதையானது. 2015 டிசம்பர் புயல்வெள்ளத்தில் அதன் பாலங்கள் அடித்துக்கொண்டு போயின. சீரமைத்து 2020 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். நடுவில் ஒரு சண்டை வந்தது, பாதைக்குத் தார் போடலாமா கூடாதா என்று. தார் போட்டால் சக்கர நாற்காலி, குழந்தை வண்டி, வயதானவர்கள் எல்லோரும் போகலாம் என்றது ஒரு தரப்பு. நாட்டுப்புறத்தின் இயல்பே கெட்டுவிடும், நகரத்துச் சாலை மாதிரி ஆகிவிடும் என்றது இன்னொரு தரப்பு. கடைசியில் தார் போடப்பட்டது.

எதிர்த்தவர்களை நான் வில்லன்களாகப் பார்க்கவில்லை. காலுக்கடியில் சரளை நொறுங்கும் சத்தத்தை இழப்பது இழப்புதான். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. அதே மலைகளில் மேலே போனால், லட்சக்கணக்கான பூட்ஸ் கால்கள் தேய்த்த தேய்ப்பில் பாதைகள் அரித்துப்போகின்றன. அவற்றைச் செப்பனிட 'ஃபிக்ஸ் த ஃபெல்ஸ்' என்ற பெயரில் ஒரு திட்டமே நடக்கிறது. மூட்டைமூட்டையாகக் கல்லை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய் இறக்கி, ஆட்கள் கையால் அடுக்கிப் படியாக்குகிறார்கள். அருமையான வேலை. அந்தக் கல்படியைப் பார்த்து யாரும் இயற்கை கெட்டது என்பதில்லை, அதன்மேல் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். காலுக்காக ஹெலிகாப்டரில் வந்த கல் இயற்கை, சக்கரத்துக்காக லாரியில் வந்த தார் செயற்கை. இரண்டும் மனித வேலைதான். ஒன்றுக்கு நம் கண் பழகிவிட்டது.

இதுவரை பாதையைப் பற்றிப் பேசினேன். பாதையைப் பற்றி எழுதப்படும் வாக்கியங்களிலும் சிக்கல் இருக்கிறது. பூங்காக்களின் இணையப் பக்கங்களில், பலகைகளில் வரும் அணுகல் குறிப்புகளை ஐந்தாறு வருடமாக, கவிதை படிக்கிற கவனத்தோடு படித்துவருகிறேன். வேறு வழியில்லை. அந்த வாக்கியத்தை நம்பித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறோம்.

அவற்றில் பெரும்பான்மை மோசமான உரைநடை. 'இதமான ஏற்றம்', 'கொஞ்ச தூரம்', 'சில இடங்களில் மேடுபள்ளம் இருக்கலாம்', 'அனைவரும் கண்டு மகிழலாம்'. யாருக்கு இதம்? யாருக்குக் கொஞ்சம்? ஒருமுறை இப்படி 'அனைவருக்கும்' என்று போட்டிருந்த ஒரு பூங்காவுக்குப் போனோம். பெயர் வேண்டாம். பாதை நன்றாகவே ஆரம்பித்தது. முந்நூறு மீட்டர் தாண்டியதும் வேலியும், அதில் இந்த நாட்டுக்காரர்கள் 'கிஸ்ஸிங் கேட்' என்று சொல்லும் கதவும் வந்தன. அரைவட்டக் கூண்டுக்குள் ஊசலாடும் ஒரு கதவு. உள்ளே நுழைந்து, கதவைத் தள்ளி, உடம்பை ஒடுக்கி மறுபுறம் வெளியேற வேண்டும். மனிதர் போகலாம், ஆடுமாடு போகமுடியாது. நான் ஆடுமாடுகளின் பக்கம் நின்றேன். என் மனைவி சிரித்துவிட்டு, "நீங்க இங்கயே மேயுங்க, நான் போய் என்ன இருக்குன்னு பாத்துட்டு வரேன்" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு இருபது நிமிடம் தனியாக இருந்தபோது சிரிப்பு வரவில்லை.

அந்தக் கதவும் ஒரு வாக்கியம் மாதிரிதான். மனிதர் என்றால் யார் என்று அதைச் செய்த தச்சருக்கு ஒரு வரையறை இருந்திருக்கிறது. வேறு வரையறையும் சாத்தியம். இதற்கான பிரிட்டிஷ் தரக்குறிப்பு ஒரு வரிசை சொல்கிறது: முதலில் வெறும் இடைவெளி போதுமா பார், போதாதென்றால் கதவு வை. ஏறித்தாண்டும் படி வரிசையில் கடைசி.

நல்ல உரைநடைக்கும் உதாரணம் இருக்கிறது. ஏரிப் பகுதித் தேசியப் பூங்கா 'மைல்ஸ் விதவுட் ஸ்டைல்ஸ்' என்ற தலைப்பில், தாண்டுபடிகளே இல்லாத வழிகளைத் தொகுத்திருக்கிறது. அவற்றை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: எல்லோருக்கும், பலருக்கு, சிலருக்கு. அந்த மூன்றாவது சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லோருக்கும் என்று எல்லா இடத்திலும் பொய் சொல்லாத ஒரு நேர்மை அதில் இருக்கிறது. 'எல்லோருக்கும்' என்று சொல்கிற இடத்திலோ எண்கள் வருகின்றன. சரிவு 1:10க்கு மேல் இல்லை, அகலம் குறைந்தது 1 மீட்டர், தளம் தார் அல்லது 10 மில்லிமீட்டருக்கு மேற்படாத கல்லை இறுக்கிப் போட்டது. இதைப் படிக்கும்போது என் தோளுக்கு அந்த மலை தெரிந்துவிடுகிறது. எங்கே மூச்சு வாங்கும், எங்கே கையை எடுத்துவிட்டு ஏரியைப் பார்க்கலாம் என்று தெரிகிறது. பத்து மில்லிமீட்டர் கல் என்பது எனக்கு ஒரு நில வர்ணனை.

இப்படி எழுதுவது நமக்குப் புதிதா என்று யோசித்தேன். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் ஓர் ஆற்றுப்படை. நன்னனிடம் பரிசு பெறப் போகும் கூத்தர்களுக்குப் பெருங்கௌசிகனார் வழி சொல்கிறார். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே பதுங்கியிருக்கும், தினைப்புனக் காவலர் யானையை நோக்கி வீசும் கவண்கல் எங்கே வந்து விழும், பாசி படிந்து கால் வழுக்கும் இடத்தில் எந்தக் கோலைப் பற்றிக்கொண்டு கடப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அந்தக் கூத்தர்கள் வெறுங்கையோடு போகவில்லை. முழவும் யாழும் மற்ற கருவிகளும் மூட்டையாகக் கட்டிச் சுமந்துகொண்டு போகிறார்கள். சுமையோடு வருகிற உடம்புக்குச் சொல்கிற வழி அது. முன்னே போய்வந்தவர் பின்னே வருபவரின் பாதத்தை நினைத்துப் பேசுகிறார். மலையின் அழகும் அதே வரிகளில்தான் வருகிறது. தனியாக ஒரு வர்ணனை, தனியாக ஒரு எச்சரிக்கை என்று பிரிக்கவில்லை. நல்ல அணுகல் குறிப்பு இந்த வகையைச் சேர்ந்த எழுத்து என்று சொன்னால் தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ளலாம். எனக்கு அப்படித்தான் படுகிறது.

அப்படியென்றால் விமர்சனத்தில் என்ன மாறவேண்டும்? நடைபயண நூல்களைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை, நான் அவற்றை ஆசையோடு படிப்பவன். ஒரு கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். இந்த எழுத்தாளர் இந்த இடத்துக்கு எப்படி வந்தார்? யார் போட்ட பாதை, எந்த வேலி, எத்தனை படி? அதைச் சொல்லிவிட்டால் காட்டின் மர்மம் குறைந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. சொல்லாமல் விட்ட இடங்களில் குறைந்தது மர்மம் அல்ல, ஆட்கள்.

கட்டுரையாளர் ஹாஸ்லிட் ஒரு வித்தியாசம் சொல்லியிருக்கிறார். கோல்ரிட்ஜுக்கு மேடுபள்ளமான தரையிலும் புதர்களை விலக்கிக்கொண்டு நடக்கும்போதும் கவிதை கட்டப் பிடிக்குமாம். வேர்ட்ஸ்வொர்த்துக்கோ நேரான சரளைப் பாதை வேண்டும், மேலும் கீழும் நடக்க; வரியின் ஓட்டத்தை எதுவும் குறுக்கிடக் கூடாது. ரைடல் மவுண்ட் தோட்டத்தில் மலைச்சரிவை வெட்டி மேடைப் பாதைகள் அமைத்தவர் அவர்தான். அங்கே நடந்தபடி கவிதை கட்டுவது அவர் வழக்கம்.

அதாவது 1,75,000 மைல் நடந்த கால்களுக்கும் ஒரு சமதளம் தேவைப்பட்டது. அதைக் கேட்டு வாங்க அவருக்கு ஒரு சட்டமோ மனுவோ வேண்டியிருக்கவில்லை. தன் தோட்டத்தில் தானே போட்டுக்கொண்டார். பிற்பாடு அதே மேடைப் பாதையில் டாரதியின் சக்கர நாற்காலி உருண்டது. கவிதைக்குப் போட்ட பாதை அவருக்கும் பயன்பட்டது. ஆனால் தோட்டத்துச் சுவர்வரைதான்.